சோளத்தால் ஆன மக்கள்



மாயா மக்கள் என்றதும் காட்டினுள் பாழடைந்து கிடக்கும் கற்கோபுரங்களே பலருக்கு நினைவுக்கு வரும். அவர்கள் அழிந்துபோன சாதியார் என்றும் எண்ணுவர். அது தவறு. அக்கோபுரங்களைக் கட்டியவர்களின் சந்ததியார் குவாத்தமாலா, தெற்கு மெக்சிக்கோ, பெலீசு ஆகிய இடங்களில் இன்றும் வாழ்கின்றனர். 2018-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் குவாத்தமாலாவில் மட்டும் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்களை மாயா என்று பதிந்தனர். அந்நாட்டில் 22 மாயா மொழிகள் வழங்குகின்றன.

1. வயலும் அடுப்பும்

தேவர்கள் மனிதனை முதலில் மண்ணாலும், பிறகு மரத்தாலும் செய்து பார்த்துத் தோற்று, கடைசியில் மக்காச்சோள மாவால் செய்தனர் என்கிறது கிச்சே மாயாக்களின் பழைய நூலாகிய போபோல் வூ. ஆகையால் சோளம் அவர்களுக்கு வெறும் தானியமன்று, தங்கள் சரீரமே. சோளத்தோடு அவரையினமும் பூசணியும் ஒரே வயலில் வளரும். தட்டையைப் பற்றி அவரைக்கொடி ஏறும். பூசணி இலை ஈரத்தைக் காக்கும். விதைப்பதற்குமுன் கெக்சி மாயாக்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, குங்கிலியம் போன்ற கொப்பால் பிசினைப் புகைத்து, மலையிடமும் பள்ளத்தாக்கிடமும் உத்தரவு கேட்பர்.

சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து, மெல்லிய அப்பமாகத் தட்டிச் சுடுவது பெண்களின் வேலை. சுண்ணாம்பு சேர்ப்பதால் சோளத்திலுள்ள சத்து உடலில் சேருகிறது. இதை அறியாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய்த் தின்ற ஐரோப்பிய ஏழைகள் பெல்லாக்ரா நோயால் வாடினர்.

2. கோவிலும் பழைய வழக்கமும்

சிச்சிகாஸ்தெனாங்கோவில் அர்ச். தோமையார் கோவில் படிகளில் தூபப் புகை எழும். அர்ச்சியசிஷ்டவர்களின் சுரூபங்களைப் பேணுவது கொப்ராதியா என்னும் சபைகள். 260 நாள் கொண்ட பழைய நாட்கணக்கைப் பார்த்து நாள் சொல்பவரும் ஊரிலுண்டு. இவற்றையெல்லாம் ஏற்கும் கத்தோலிக்கர் உண்டு. விலக்கும் உபதேசியார்களும் உண்டு. பிரிவினை சபைகளில் சேர்ந்தோரும் அநேகர்.

இது பக்தியா, மூடநம்பிக்கையா என்று கேட்பீர்கள். சர்வேசுரன் ஒருவரையே ஆராதிக்கவேண்டும் என்ற முதல் கற்பனையைத் தளர்த்த எவராலும் முடியாது. ஆனால் அவசரத் தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பாருங்கள். 1562-ல் யுக்கத்தானிலுள்ள மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற துறவி மாயாக்களின் ஏடுகளைத் தீயிலிட்டார். விசாரணையில் அநேகர் வதைக்கப்பட்டனர். இதை நாம் மறைக்கலாகாது. போபோல் வூ நமக்குக் கிடைத்ததும் ஒரு குருவால்தான். 1700-ஐ அடுத்த ஆண்டுகளில் சிச்சிகாஸ்தெனாங்கோவில் ஊழியம் செய்த தோமினிக்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ ஹிமேனஸ், கிச்சே மொழியைக் கற்று அதைப் பிரதியெடுத்தார்.

3. ஓடாத மேய்ப்பர்

1968-ல் சந்தியாகோ அத்தித்லான் பங்குக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சுவாமி ஸ்டான்லி ரோதர் ஒரு குடியானவர் மகன். குருமடத்தில் இலத்தீன் வராமல் தவித்தவர், சுட்டுகில் மொழியைக் கற்றுச் சுவிசேஷத்தை அதில் கொண்டுவர உழைத்தார். மக்களோடு வயலில் உழுதார். மக்கள் அவரை ‘அப்லாஸ்’ என்று தங்கள் மொழிப் பெயராலேயே அழைத்தனர். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 இலட்சம் பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர், பெரும்பாலோர் மாயாக்கள். கொலைப் பட்டியலில் தம் பெயர் இருப்பதாக அறிந்து ஊர் சென்ற சுவாமி, தம் மந்தையிடமே திரும்பி வந்தார். 1981 ஜூலை 28-ல் பங்கு இல்லத்தில் கொல்லப்பட்டார். சரீரம் சொந்த நாட்டுக்குப் போயிற்று. இருதயத்தை அம்மக்கள் தங்கள் கோவிலிலே வைத்துக்கொண்டனர். 2017-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

4. நமக்குப் பாடம்

பிறர் ஜெபிக்கும் விதத்தைக் கண்டு நகைப்பது சுலபம். அவர் பாஷையைக் கற்று அருகில் உட்காருவது கடினம். ஏட்டைத் தீயிலிட்டவரும் அதைப் பிரதியெடுத்தவரும் ஒரே விசுவாசத்தினரே. இவ்விருவரில் யாருடைய மனம் நம்மிடம் உள்ளது?

இந்த வாரம் குடும்ப ஜெபத்துக்குப்பின் இரண்டு கேள்விகளைப் பேசிப் பாருங்கள்:

(அ) உண்ணும் உணவை யார் தந்தது என்று எண்ணி நாம் சாப்பிடுகிறோமா?

(ஆ) அறியாமலே நாம் இகழ்ந்த மனிதர் யாரேனும் உண்டா?

உங்கள் பங்குக்குரு