பழைமையும் வாய்மையும்
(‘நினைத்தாலே இனிக்கும்’ திரைக்கதையை முன்வைத்து)

முன்னுரை

ஒரே வகுப்பில் பயின்றோர் ஆண்டுகள் பல கழிந்தபின் தம் கல்லூரியில் மீண்டும் ஒன்றுகூடுதல் இந்நாளில் பரவலாகக் காணப்பெறும் வழக்கமாகும். அங்கே பழைய நினைவுகள் பகிரப்படுகின்றன. பேசப்படாமல் எஞ்சி நிற்பவை என்னவாகின்றன? இவ்வினாவை எழுப்பும் திரைக்கதை ஒன்றைத் திருக்குறளின் ‘பழைமை’ அதிகாரத்தோடு இணைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

கதையும் சிக்கலும்

2006ஆம் ஆண்டில் லால் ஜோஸ் இயக்கிய ‘கிளாஸ்மேட்ஸ்’ என்னும் மலையாளப் படத்தின் தமிழாக்கமே, 2009இல் ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கத்தில் வெளிவந்த ‘நினைத்தாலே இனிக்கும்’. 1979இல் கே. பாலசந்தர் இயக்கிய அதே பெயருடைய படம் வேறு. மலையாளம், தமிழ் இரண்டிலும் பிருத்விராஜே முதன்மைப் பாத்திரம் ஏற்றார்.

பழைய நண்பர்கள் கல்லூரியில் கூடுகின்றனர். அவர்களுள் ஒருவன் மாணவப் பருவத்திலேயே இறந்துவிட்டவன். கூடிய இரவிலேயே கதைத்தலைவன் கழுத்து நெரிக்கப்பட்டு உயிருக்குப் போராடுகிறான். மாணவர் தேர்தல் பகை முற்றியிருந்த காலத்தில், இருளில் ஆளறியாது அவன் செய்த செயலே நண்பனின் உயிரைப் பறித்தது என்பது பின்னர் வெளிப்படுகிறது. இறந்தவனை நேசித்த தோழியே பழிதீர்க்க முனைந்தவள். இனிமையைத் தலைப்பாகக் கொண்ட கதை, ஆறாத புண் ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது.

வள்ளுவர் காட்டும் பழைமை

நட்புக்கு ஐந்து அதிகாரங்களை (79-83) வகுத்த வள்ளுவர், அவற்றுள் 81ஆம் அதிகாரத்திற்குப் ‘பழைமை’ எனப் பெயரிட்டார். நெடுநாள் பழகியவர் செய்த பிழையைப் பொறுத்தலே பழைமை என்பர் உரையாசிரியர். நண்பர் வருந்தத்தக்கன செய்தால், அறியாமையால் செய்தார் எனவோ, மிக்க உரிமையால் செய்தார் எனவோ கொள்க என்பது வள்ளுவர் வழி.

இவ்வளவுகோலால் நோக்கின் கதைத்தலைவனின் செயல் அறியாமையின்பாற் படும், பொறுத்தற்கு உரியதே. ஆயின், அதனை ஆண்டுக்கணக்கில் மறைத்தமை அறியாமை ஆகாது. அவன் சொல்லியிருப்பின் தோழி அறியாமையையும் வஞ்சனையையும் பிரித்தறிந்திருப்பாள். சொல்லாமையால், அவள் அறிந்த பாதி உண்மை பகையாயிற்று. ஆகவே, பொறுத்தல் என்னும் பண்பு செயற்படுதற்கு வாய்மை முன்தேவையாகிறது.

மன்னிப்பு யாருக்கு உரியது?

இவ்விடத்தில் மற்றுமொரு வினா எழுகிறது. நண்பர்கள் கூடி மன்னித்துவிட்டால் குற்றம் தீர்ந்துவிடுமா?

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் (4:92) தவறுதலாக நிகழ்ந்த கொலையைப் பற்றிப் பேசுகிறது. செய்தவர் பரிகாரம் காண்பதோடு, இறந்தவரின் குடும்பத்தார்க்கு ஈட்டுத்தொகையும் வழங்க வேண்டும். அவர்களே விட்டுக்கொடுத்தாலன்றி அக்கடன் நீங்காது. வேண்டுமென்றே செய்த கொலையை அதனை அடுத்த வசனம் தனியே பிரித்துக் கூறுகிறது. நோக்கம் குற்றமற்றதாயினும் இழப்பு மெய்யானது என்பதும், விட்டுக்கொடுக்கும் உரிமை இழந்தவர்க்கே உண்டு என்பதும் இங்குத் தெளிவாகின்றன.

இக்கதையில் இழந்தவர்கள் முதலில் அம்மாணவனின் பெற்றோரே. மகன் எவ்வாறு இறந்தான் என்பதை அறியாத பெற்றோர் எதனை மன்னிக்க இயலும்? அவர்களிடமிருந்து உண்மையை மறைத்தவன், மன்னிக்கும் வாய்ப்பையும் அவர்களிடமிருந்து பறித்தவன் ஆகிறான். தோழர்களின் பெருந்தன்மை அவ்விடத்தை நிரப்பாது. வள்ளுவர் கூறும் பழைமை நண்பர்க்கிடையே நிகழ்வது. இறைமறை சுட்டும் உரிமையோ குடும்பத்தைச் சார்ந்தது. இரண்டும் தத்தம் எல்லையில் நின்று ஒன்றை மற்றொன்று நிறைவு செய்கின்றன.

முடிவுரை

தேர்தல் பகை, பொறாமை, விளையாட்டாகத் தொடங்கிய வன்செயல் ஆகியன எக்கல்லூரியிலும் நேரக்கூடியவை. பிழை நேர்ந்த அன்றே ஆசிரியரிடமும் பாதிக்கப்பட்டவரிடமும் உரைத்துவிடும் துணிவு மாணவப் பருவத்திலேயே பழக வேண்டிய ஒழுக்கமாகும். நாள் கடந்துவிட்டதாயின், மீண்டும் கூடும் நாளேனும் அதற்குரிய நாளாகட்டும். அவ்வாறு உரைக்கப்பெற்ற பின்னரே பழைய நட்பு நினைத்தாலே இனிக்கும் தகுதியைப் பெறுகிறது.