பெயர் இரண்டு, மருந்து ஒன்று

வீட்டில் உள்ள மருந்துகளை எல்லாம் எடுத்து மேசைமேல் வையுங்கள். சுகாதாரக் கிளினிக்கில் கொடுத்தது, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தது, பிரிக்பீல்ட்ஸ் மருந்தகத்தில் வாங்கியது, சென்னைக்குப் போனபோது வாங்கி வந்தது, எதையும் விட வேண்டாம். ஒரே மருந்து அங்கே இரண்டு பெயரில் இருக்கக்கூடும்.

மருந்துக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. தயாரிக்கும் நிறுவனம் வைக்கும் பெயர் வேறு. அட்டையில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் நிறுவனம் வைத்த பெயர். மருந்தின் சொந்தப் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அரசாங்கக் கிளினிக் உறையிலோ பொதுவாகச் சொந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும். இனிப்பு நீருக்குக் கிளினிக்கில் தரும் மெட்ஃபோர்மின், கடையில் குளுக்கோஃபேஜ், தமிழ்நாட்டில் கிளைக்கோமெட். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின்தான் நோர்வாஸ்க், ஸ்டாம்லோ. பாராசிட்டமோல்தான் பனடோல், குரோசின், டோலோ.

நிறத்தை நம்ப வேண்டாம். தயாரிக்கும் நிறுவனம் மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்று நினைவில் வைத்திருப்பவர், பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கிவிடலாம்.

விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. பிறகு கல்லீரல் அதைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வயதாக ஆகச் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால், பல மருந்துகள் உடலில் கூடுதல் நேரம் தங்கும். ஆகவே இரட்டை அளவு, இளையவர்களைவிட உங்களை அதிகம் பாதிக்கும்.

மிகவும் கவனிக்க வேண்டியது இனிப்பு நீர் மருந்து. கிளைக்கோமெட் ஜிபி என்ற இந்திய மாத்திரையில் மெட்ஃபோர்மினோடு கிளிமிபிரைட் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளினிக்கில் தரும் கிளிக்லசைட் செய்வதும் அதே வேலை. இரண்டையும் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். விரத நாளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடித்து, உதவிக்கு ஆளை அழையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும்.

பாராசிட்டமோலும் லேசானதல்ல. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச அளவு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. டோலோ 650 என்றால் ஒரு மாத்திரையே 650 மில்லிகிராம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கும்.

உறையில் உள்ள மலாய்ச் சொற்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'செபெலும் மக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மக்கான்' என்றால் பின். '2 காலி செஹாரி' என்பது நாளுக்கு 2 வேளை. 'பிலா பெர்லு' என்றால் தேவைப்படும்போது மட்டும். வலி இல்லாத நாளில் அது வேண்டாம்.

மருத்துவமனையில் தாதி ஒவ்வொரு வேளையும் உங்கள் பெயரைக் கேட்பார். சிலருக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் சரிபார்க்கத் தாதியர் பயிற்சியிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டில் அந்த வேலை உங்களுடையது. கண் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரே சொந்தப் பெயர் இரண்டு அட்டையில் இருந்தால், அடுத்த வேளை மருந்துக்கு முன்பே மருந்தாளரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். இந்தியாவில் வாங்கியதைச் சொன்னால் ஏசுவார்களோ என்று தயங்கவும் வேண்டாம்; அதை மறைத்தால் மருத்துவர் அளவைத் தவறாகக் கணிக்க நேரும். கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மருந்தையும் உறையோடும் அட்டையோடும் ஒரே பையில் கொண்டு போங்கள். வேண்டாதவற்றையும் காலாவதியானவற்றையும் அங்குள்ள மருந்து முகப்பிடத்திலேயே ஒப்படைத்துவிடலாம்.