புண்ணைக் காயவிடலாமா?

புண் ஆறிவிட்டது என்கிறோம். புண் காய்ந்துவிட்டது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். அன்று என்று எனக்கு உணர்த்தியது என் தந்தையாரின் குதிகால்.

பிழைப்புத் தேடி அம்பாசமுத்திரத்திலிருந்து பாறசாலைப் பக்கம் குடியேறியவர்கள் நாங்கள். 1956-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றதை நண்பர்கள் அறிவீர்கள். அந்த எல்லையோர ரப்பர்த் தோட்டத்தில் தந்தையார் பால் வெட்டுகிறார். சென்ற மழைக்காலத்தில் குதிகாலில் குச்சி குத்தியது. சர்க்கரை நோயாளி. காப்பித் தூளை அப்பி வெயிலில் காட்டினார். பொருக்குக் கட்டும், துணி பட்டால் பிய்யும். ஆஸ்பத்திரியில் ஈரம் காக்கும் கட்டுப் போட்டபோது, "ஈரம் பட்டா சீப் பிடிக்காதா, சிஸ்டரே?" என்று மறுத்தார். வேதியியல் முதுகலை படிக்கும் நானும் அவர் பக்கமே பேசினேன்! நாணத்தோடுதான் எழுதுகிறேன்.

1962-இலேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் இதைச் சோதித்திருக்கிறார். பன்றிகளின் ஆழமில்லாத புண்களில் சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார்; சிலவற்றைக் காயவிட்டார். மூடியவற்றில் தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் வளர்ந்தது. ஈரத்தில் தோலணுக்கள் எளிதில் நகர்ந்து பரவும். பொருக்கு இருந்தால் அதற்கடியில் வழி தேடித்தான் ஊர வேண்டும்.

ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளுக்கு வேதியியலில் ஹைட்ரோஜெல் என்று பெயர். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கூழாய் உறைகிறதே, அதுவும் அவ்வினமே. எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. இவ்வமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தவர்கள் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கொதிக்கையில் முறுக்கு அவிழும். ஆறுகையில் இழைகள் அங்கங்கே மீண்டும் முறுகி, இடையில் நீரைச் சிறைப்பிடிக்கும். ஆனால் உடற்சூட்டில் இக்கூழ் உருகிவிடும். ஆகவே புண்ணுக்கு இடும் கூழில் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். புதிய அணுக்களுக்கு அதுவே சாரமாகிறது. பின்னர் உடலே அதைக் கரைத்துக்கொள்கிறது.

முகப்பூச்சில் சேர்க்கும் கொலாஜனோ தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது; மேலே ஈரம் காப்பதோடு சரி. விளம்பரம் வேறு பேசும்.

எங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் அடையும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் பன்றியின் பித்தப்பையிலிருந்து 'கோலிடெர்ம்' செய்திருக்கிறார்கள். இது கூழன்று, புரதப் படலம். எனினும் சாரமாய் நிற்கும் வேலை ஒன்றே. 2023-இல் அரசு ஒப்புதல் கிடைத்தது. பத்தாயிரம் ரூபாய்ச் செலவு இரண்டாயிரமாகக் குறையலாம் என்றும் அப்போது அறிவித்தார்கள். பால் வெட்டுபவர் வீட்டில் அது சிறிய வேறுபாடன்று. பன்றி என்றதும் அம்மா முகம் சுளித்தார். விலை கேட்டபின் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். இரத்த ஓட்டம் நின்று கறுத்துக் காய்ந்த விரலுக்கு ஈரம் ஆகாது. சீழ் பிடித்த புண்ணை மூடிவைத்தலும் ஆகாது. எது எப்புண் என்று மருத்துவரே சொல்ல வேண்டும்.

தந்தையாரின் புண் இப்போது ஒரு நெல்லளவு. கட்டு நனைந்திருக்கிறதா என்று தினமும் அவரே பார்க்கிறாராம்.