மாட்டு ஈயின் உபத்திரவம்

கேள்வி: கொறங்காட்டில் மேயும் எங்கள் ஐந்து காங்கேயம் மாடுகளை ஈக்கள் நிம்மதியாக மேயவிடுவதில்லை. என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: மருந்தைத் தேடுமுன் கட்டுத்தரையைப் பாருங்கள். மாடு ஓயாமல் காலை உதறித் தரையில் அடிக்குமானால், கால்களில் தலை மேல்நோக்கி அமர்ந்து இரத்தம் உறிஞ்சும் கடி ஈயே பெரும்பாலும் அதற்குக் காரணம். அது கோமியத்தில் நனைந்து மக்கும் வைக்கோலிலும் தீவன மிச்சத்திலும் முட்டையிட்டு, வெயிற்காலத்தில் சுமார் 2, 3 வாரங்களில் ஒரு தலைமுறை விருத்தியாகிவிடுவதால், வாரம் இருமுறை கட்டுத்தரையைச் சுத்தமாக வழித்து, அள்ளியதை வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுவதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. மேய்ச்சல் காட்டுச் சாணத்தை அள்ள வேண்டாம். சாணவண்டுகள் அதைப் புதைத்து, ஈப்புழுவுக்கு ஆகாரமில்லாமற் செய்துவிடுகின்றன. ஒட்டுண்ணிகளுக்கான ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணம் அவ்வண்டின் புழுக்களை மாய்க்குமாதலால், கால்நடை மருத்துவர் அவசியமென்றாலன்றி அவ்வூசியைப் போடாதீர்கள். மாலையில் நொச்சியும் வேப்பிலையும் இட்டுப் புகை மூட்டுவது அந்நேரத்து நிவாரணமே. ஆயினும் வாயில்லா ஜீவனுக்கு அதுவும் பெரிய ஆறுதல். தெளிப்பு மருந்து கடைசி வழி. கறவை மாடானால், பாலைப் பயன்படுத்துவதை எத்தனை நாள் தவிர்ப்பதென்று மருத்துவரைக் கேட்டறிந்த பின்னரே தெளியுங்கள்.