டயரை மட்டும்தான் மாத்தினோம்

மூணு வாரத்துல மூணு ஸ்பர் கியர் பல்லு போச்சு. மூணு தடவையும் "கியர் குவாலிட்டி சரியில்ல மச்சி"ன்னு சொல்லிட்டுப் புதுசு வாங்கினோம். நாலாவது வாங்கக் காசு இல்லாதப்பதான் ஏன் போகுதுன்னு உட்கார்ந்து யோசிச்சோம். நீங்க ஒரு ஆர்சி மான்ஸ்டர் டிரக் செய்யப் போறீங்கன்னா இதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க. எங்களுக்குப் போன காசு உங்களுக்காவது மிஞ்சட்டும்.

முதல்ல கொஞ்சம் கதை. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர்னு ஒருத்தர், தன்னோட 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்புக்குப் பெரிய டயர், அதைவிடப் பெரிய டயர்னு மாட்டிக்கிட்டே போனார். அதுதான் பிக்ஃபுட். 1981ல அது பழைய கார்கள் மேல ஏறி நசுக்கினதைப் படம் பிடிச்சாங்க. மான்ஸ்டர் டிரக்ங்கற விளையாட்டே அங்கிருந்துதான் கிளம்புச்சு. டயர் பெருசாக ஆக்ஸில் உடையும், ஆக்ஸிலை மாத்தினா வேற ஒண்ணு உடையும். 1987ல ஜப்பானோட டமியா கம்பெனி கிளாட் பஸ்டர்னு ஒரு ஆர்சி கிட் கொண்டு வந்தாங்க. 2 மோட்டார், 4 சக்கரத்துக்கும் பவர், 4 சக்கரமும் திரும்பும். பெரிய டயரை ஓட்ட அவ்வளவு வேண்டியிருந்தது. இந்தக் கதையை நாங்க முன்னாடியே ஒழுங்கா படிச்சிருக்கலாம்.

எங்க வண்டி எதுலருந்து வந்துச்சுன்னா, பாஸ் அவுட் ஆன சீனியர் அண்ணா ஒருத்தர் விட்டுட்டுப் போன 1/10 ஸ்கேல் ஃபோர் வீல் டிரைவ் பக்கி. 3650 சைஸ் பிரஷ்லெஸ் மோட்டார், 3300 கேவி. 2எஸ் லிப்போ பேட்டரி. பினியன் 18 பல், ஸ்பர் 54 பல், டிஃபரன்ஷியல்ல 2.85 ரேஷியோ. டயர் விட்டம் 85 மி.மீ. நல்லா ஓடிட்டிருந்த வண்டி. அதுல ஷாக் டவரைப் பிரிண்ட் பண்ணி உயர்த்தி, 140 மி.மீ. டயரை மாட்டினோம். 12 மி.மீ. ஹெக்ஸ் ரெண்டுக்கும் ஒண்ணுங்கறதால அப்படியே உட்கார்ந்துச்சு. பார்க்க செமையா இருந்தது. வேற எதையும் மாத்தல. அதுதான் தப்பு.

இப்போ கணக்குக்கு வாங்க, ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கும் புரியும். கேவின்னா கிலோவோல்ட் இல்ல. ஒரு வோல்ட்டுக்கு லோடு இல்லாம எத்தனை ஆர்பிஎம் சுத்தும்ங்கற எண். 2எஸ் பேட்டரி 7.4 வோல்ட், 3300ஆல பெருக்கினா 24,420 ஆர்பிஎம். 54ஐ 18ஆல வகுத்தா 3, அதை 2.85ஆல பெருக்கினா 8.55. இதுதான் மொத்த ரேஷியோ. ஆக, சக்கரம் நிமிஷத்துக்கு 2,856 சுத்து. 85 மி.மீ. டயரோட சுற்றளவு 0.267 மீட்டர். கணக்குப்படி மணிக்கு 46 கி.மீ. அதே சக்கரச் சுத்துக்கு 140 மி.மீ. டயர் போட்டா? சுற்றளவு 0.44 மீட்டர், வேகம் மணிக்கு 75 கி.மீ.!

"சூப்பர்ல"ன்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனா மோட்டார் அதே மோட்டார்தான், பவர் எங்கிருந்து வரும்? தரையில அதே தள்ளு விசை வேணும்னா, ஆரம் 1.65 மடங்கு ஆனதால ஆக்ஸில்ல டார்க்கும் 1.65 மடங்கு வேணும். டார்க் கரன்ட்டுக்கு நேர் விகிதம். கரன்ட் 1.65 மடங்கு ஆனா, வைண்டிங்ல சூடு கரன்ட்டோட வர்க்கத்துல ஏறும், கிட்டத்தட்ட 2.7 மடங்கு. இதுல வண்டி எடை கூடினதை நான் சேர்க்கவே இல்ல. பெரிய டயர் போடறதும் பெரிய பினியன் போடறதும் மோட்டாருக்கு ஒண்ணுதான்.

இனி அந்த ஸ்பர் கியர் எப்படிச் செத்துச்சுன்னு பாருங்க. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு ஐஆர் தெர்மாமீட்டர் காட்டினா மோட்டார் 94 டிகிரி. 80ஐத் தாண்டினாலே நிறுத்திடணும், உள்ள இருக்கற மேக்னட் பலம் போயிடும். நாங்க மோட்டார் மவுண்ட்டைப் பிஎல்ஏல பிரிண்ட் பண்ணியிருந்தோம். பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும். மவுண்ட் இளகுது, மோட்டார் கொஞ்சம் சாயுது, பினியனும் ஸ்பரும் கடிச்சிருக்கற இடம் விலகுது, பல்லு நுனி மட்டும் மாட்டி எல்லா லோடும் அதுல விழுது. சீவிடுச்சு. ஆறினதும் மவுண்ட் பார்க்க நேரா இருக்கற மாதிரியே இருக்கும். ஸ்கேல் வெச்சுப் பார்த்தப்பதான் 2 மி.மீ. கோணல் தெரிஞ்சது. பாவம் கியர், அதைத் திட்டிட்டே இருந்தோம்.

சரி பண்ணினது ரொம்ப சிம்பிள். 18ஐ 1.65ஆல வகுத்தா 10.9. அதனால 11 பல் பினியன். திரும்பக் கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு 46 கி.மீ.லயே வந்து நிக்கும். மவுண்ட்டை வொர்க்‌ஷாப்ல 3 மி.மீ. அலுமினியத் தகட்டுல வெட்டினோம். மோட்டார் இப்போ 68 டிகிரியைத் தாண்டறதில்ல. கியர் மெஷ் செட் பண்ண நோட்டுப் பேப்பர் துண்டு ஒண்ணை ரெண்டு பல்லுக்கும் நடுவுல விட்டு, அழுத்தி, மோட்டார் ஸ்குரூவை டைட் பண்ணிட்டுப் பேப்பரைச் சுத்தி வெளிய எடுங்க. பேப்பர் மடிப்பு மடிப்பா வரணும், கிழிஞ்சு வரக் கூடாது. உலோகத்துல போற ஸ்குரூ எல்லாத்துக்கும் நீல கலர் திரெட் லாக்கர் ஒரு துளி. பிளாஸ்டிக்ல போற ஸ்குரூவுக்கு வேண்டாம், பிளாஸ்டிக்கை அரிச்சு விரிசல் விட வைக்கும்.

அடுத்தது எழுதக் கொஞ்சம் சங்கடமா இருக்கற பகுதி.

டிபார்ட்மென்ட் டெமோ அன்னிக்கு, வண்டி வேகமா வந்து திரும்பற இடத்துல திடீர்னு செத்துடுச்சு. ரிசீவர் லைட் அணைஞ்சு, ஒரு ரெண்டு செகண்ட் கழிச்சுத் திரும்ப எரிஞ்சது. அந்த ரெண்டு செகண்ட்ல பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல. உருண்டு போய் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் கால்ல இடிச்சது. மூணு கிலோவுக்கு மேல வண்டி. ஷூ போட்டிருந்ததால வீக்கத்தோட போச்சு. எல்லார் முன்னாடியும் நான் செஞ்சது என்னன்னா, பேட்டரி கனெக்டரைச் சால்டர் பண்ணின செகண்ட் இயர் தம்பியைப் பார்த்து, "உன் சால்டரிங்தான்டா இது"ன்னு கத்தினேன். அவன் ஒண்ணும் சொல்லல. பத்து நாள் லேப் பக்கமே வரல.

அவன் போட்ட ஜாயின்ட் எல்லாத்தையும் நானே திரும்பப் போட்டேன். ஃபால்ட் அப்படியே இருந்தது. டிரான்ஸ்மிட்டர் பேட்டரி மாத்தினேன், ஆன்டெனா வயரை நகர்த்தினேன், இஎஸ்சி செட்டிங் மாத்தினேன், எல்லாம் ஒரே நாள்ல. அதனால எது என்ன பண்ணுச்சுன்னே தெரியல. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்கன்னு லேப் சார் எப்பவும் சொல்லுவார். காதுல விழுந்தாத்தானே.

கடைசியா வண்டியை ஸ்டாண்ட்ல தூக்கி வெச்சு, முன் சக்கரத்தைக் கையால பிடிச்சுக்கிட்டு ஸ்டியரிங் திருப்பினேன். ரிசீவர் லைட் சிமிட்டுச்சு. சர்வோ வயரைப் பிடுங்கிட்டு எவ்வளவு ஆட்டினாலும் சிமிட்டல. மல்டிமீட்டர்ல 6 வோல்ட் ஆடாம நின்னது, ஏன்னா மல்டிமீட்டர் மெதுவு. ஆசிலோஸ்கோப்பை வெச்சதும் தெரிஞ்சிடுச்சு. சர்வோ மூச்சுப் பிடிக்கறப்பல்லாம் 6 வோல்ட் 3.4க்கு விழுது. எங்க ரிசீவருக்குக் குறைஞ்சது 4 வோல்ட் வேணும். அதுக்குக் கீழ போனா ரீபூட்.

திரும்பவும் டயர்தான் காரணம். அகலமான டயரோட நடு, கிங்பின்லருந்து தள்ளிப் போயிடுது. நின்ன இடத்துல திருப்ப சர்வோவுக்கு ரொம்ப டார்க் வேணும். 20 கிலோ சர்வோ ஸ்டால் ஆகறப்ப 2 ஆம்ப்புக்கு மேல இழுக்குது. இஎஸ்சிக்குள்ள இருக்கற பிஇசி 2 ஆம்ப்தான் தரும். அது சர்வோவுக்கும் ரிசீவருக்கும் சேர்த்து.

5 ஆம்ப் தனி பிஇசி ஒண்ணை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி, பேட்டரியிலருந்து நேரா ரிசீவருக்கு 6 வோல்ட் கொடுத்தோம். இதைப் பண்றப்ப இஎஸ்சிலருந்து ரிசீவருக்கு வர்ற மூணு வயர்ல சிவப்பை மட்டும் கழட்டி டேப் சுத்திடுங்க. இல்லைன்னா ரெண்டு ரெகுலேட்டரும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். சில பேர் ரிசீவர்ல காலியா இருக்கற சேனல்ல 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சொருகுவாங்க. சின்னச் சரிவுக்குத் தாங்கும். ஆனா பிஇசியே பத்தலைன்னா அது மருந்து இல்ல.

ஃபெயில்சேஃபும் செட் பண்ணிடுங்க. சக்கரம் தரையில படாம தூக்கி வெச்சு, லேசா த்ராட்டில் கொடுத்துக்கிட்டே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணுங்க. மோட்டார் நிக்கணும். நிக்காத வண்டியை ஆளுங்க இருக்கற இடத்துல ஓட்டவே கூடாது. ஆனா ஒண்ணு, சிக்னல் போனாத்தான் ஃபெயில்சேஃப் காப்பாத்தும். எங்களுக்கு நடந்த மாதிரி ரிசீவருக்கே கரன்ட் போனா அது எப்படி வேலை செய்யும்? அதனாலதான் பிஇசியை முதல்ல பார்க்கச் சொல்றேன். ஆன் பண்றப்ப டிரான்ஸ்மிட்டர் முதல்ல, ஆஃப் பண்றப்ப அது கடைசி.

லிப்போ பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு. ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழ போக விடாதீங்க, எடுத்து வைக்கறப்ப 3.8ல வைங்க, சார்ஜ் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போகாதீங்க, உப்பின பேக்கை "இன்னும் ஒரு ரன்"னு மாட்டாதீங்க.

ஆசிலோஸ்கோப் படத்தைப் போன்ல எடுத்துக்கிட்டு அந்தத் தம்பியோட ரூமுக்குப் போனேன். "சால்டரிங் இல்லடா, நான்தான் பார்க்காம பேசிட்டேன்"ன்னு சொன்னேன். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணா, இந்த டிப் எத்தனை மில்லி செகண்ட்?"னு கேட்டான். நான் குறிச்சு வெச்சிருக்கல. மறுநாள் லேபுக்கு வந்து அவனே அளந்தான், 40. நான் திரும்பப் போட்ட ஜாயின்ட்ல ரெண்டு கோல்ட் சால்டர்னு காட்டிட்டு, அதையும் அவனே சரி பண்ணினான்.

வண்டி இப்போ அவன்கிட்டதான் இருக்கு. ஸ்பேர் ஸ்பர் கியர் ரெண்டு அதே டப்பாவுல கிடக்கு, இன்னும் பிரிக்கல. ஓட்டிப் பார்க்கணும்னா மெக்கானிக்கல் லேப்ல சாயங்காலம் அவனைப் பிடிங்க. 18 பல் பினியனையும் டப்பாவுலயே போட்டு வெச்சிருக்கேன். அதை மட்டும் மாட்டாதீங்க.