ஐவானின் கூண்டும் நம்மூர் யானையின் பாதமும்

(டி.சி.இ. மூன்றாமாண்டு மாணவன்)

நமக்கெல்லாம் கால்குலேட்டர் இல்லாமல் கை ஓடாது. 9,855ஐ 365ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 27 வரும். 'தி ஒன் அண்ட் ஒன்லி ஐவான்' என்ற சிறுவர் நாவலில் ஒரு கொரில்லா, தான் கூண்டில் கழித்த நாட்களை எண்ணிச் சொல்லும் கணக்கு இது. எழுதியவர் கேத்தரின் ஆப்பிள்கேட். 2012இல் வந்தது, 2013இல் நியூபெரி பதக்கம் பெற்றது.

ஐவான் வெறும் கற்பனை இல்லீங்க. காங்கோ காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, அமெரிக்காவின் டகோமா நகரில் ஒரு கடைக்குள் சிமெண்ட் கூண்டில் 27 வருஷம் இருந்த நிஜ கொரில்லா. மக்கள் குரல் கொடுத்த பிறகு 1994இல் அட்லாண்டா விலங்குக் காட்சிசாலைக்குப் போனது. நாவல் வெளியான 2012ஆம் ஆண்டிலேயே இறந்தும் போனது.

கதையில் ஐவானுக்கு ஸ்டெல்லா என்று ஒரு கிழட்டு யானை சிநேகிதி. கூட்டம் குறைந்ததும் முதலாளி ரூபி என்ற குட்டியானையை வாங்கி வருகிறார். ஸ்டெல்லாவின் காலில் பழைய புண். அது சீழ் பிடித்து, உரிய வைத்தியம் இல்லாமல் உயிரே போய்விடுகிறது. குட்டியையாவது இங்கிருந்து காப்பாற்று என்று அது வாங்கிக்கொண்ட சத்தியத்துக்காக, ஐவான் படம் வரைய ஆரம்பிக்கிறது. மீதியை நீங்களே படியுங்கள்.

யானை காலில் புண் வந்து சாகுமா? சாகும். யானையின் பாதத்துக்குள் கொழுப்பால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது. நடக்கும்போது அது விரிந்து சுருங்கும். பாதத்தில் ரத்தம் நன்றாக ஓடும். மண்ணில் உரசி நகமும் தேயும். ஒரே இடத்தில் சங்கிலி போட்டுக் கான்கிரீட்டில் நிறுத்தினால் எல்லாமே தலைகீழ். மூவாயிரம் கிலோ எடை கடினத் தரையில் நாள் முழுக்க அழுத்தும். தன் மூத்திரத்திலேயே நின்று பாதம் ஊறும், வெடிக்கும், கிருமி ஏறும்.

நம் டெல்டாவுக்கு வருவோம். 2013இல் இறந்த பெரிய கோவில் வெள்ளையம்மாளை நம் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோவில் மங்களமும் அதன் பாகனும் கொஞ்சி விளையாடும் காட்சியைப் பார்க்காதவர் உண்டா? அந்தப் பாசம் நிஜம்தான். ஆனால் காட்டில் பெண் யானை தாய், சித்தி, அக்காவோடு ஆயுசு முழுக்கக் கூட்டமாக வாழ்வது. கோவிலிலோ பெரும்பாலும் ஒற்றை யானை. பாகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ராத்திரி வீட்டுக்குப் போகணுமே! 2003இல் முதுமலையில் அரசு தொடங்கிய புத்துணர்வு முகாமில்தான் பல யானைகள் இன்னொரு யானையோடு சேர்ந்து நின்றன. இப்போது திருச்சி பக்கம் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை மறுவாழ்வு மையம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோவில் யானைகள் சில அங்கே போயிருக்கின்றன.

எல்லா யானையையும் நாளைக்கே காட்டுக்கு அனுப்பு என்று சொல்ல நான் வரவில்லை. பழகிய யானை காட்டில் பிழைப்பது லேசல்ல. ஆனால் தரை நம்ம சப்ஜெக்ட் ஆச்சே! டிராயிங் வகுப்பில் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் பிளான் போடுகிறோம். ஒரு தடவை யானைக் கொட்டகைக்குப் போட்டால் என்ன? கேரளத்தின் 2003 விதிகள் வளர்ந்த யானைக்கு 9 மீட்டருக்கு 6 மீட்டர் கேட்டன. அதாவது 54 சதுர மீட்டர். சிமெண்ட் வேண்டாம், மண் அல்லது மணல் பரப்பணும். நனைந்த மண்ணை அள்ளிப் புதுமண் போட வண்டி வர வழி வேண்டும். தண்ணீர் தேங்காதபடி வாட்டம், வெளியே வடிகால், உயரமான கூரை, பக்கத்தில் நிழல் மரம், காலையில் நடந்து போய்வர ஆற்றங்கரைப் பாதை. சாய்ந்து தூங்க ஒரு மண்மேடும் வைக்கலாம், வயசான யானைக்குக் கீழே படுத்து எழுவது கஷ்டம்.

அளவு எழுதும்போது மட்டும் 54 என்று போடாதீர்கள். 108 என்று போடுங்கள், இரண்டு யானைக்கு.