டேராடூன் ரயில் ஏறும் முன்

ஒவ்வொரு வருஷமும் சிவில் சர்வீஸ் முடிவு வந்த சில வாரங்களில் எங்கள் வீட்டு அழைப்புமணி இரண்டு மூன்று முறையாவது அடிக்கும். வெளியுறவுப் பணி கிடைத்த பிள்ளைகள், அப்பாவோ தாய்மாமாவோ துணைக்கு வர, ஆப்பிள் பையோடு வந்து உட்காருவார்கள். “ஐயா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்பார்கள். நான் இரண்டு மணி நேரம் சொல்வேன். போன வருஷம் என் மனைவி பொறுமை இழந்துவிட்டாள். “இதையெல்லாம் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வச்சிடுங்க. வர்ற பிள்ளைங்க காபியைச் சூடா குடிக்கட்டும்.” எழுதிவிட்டேன்.

சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து, ஒன்றரை வருஷம் உயர் நீதிமன்றத்தில் சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கி, 1980-ல் பணியில் சேர்ந்து, முப்பத்துநான்கு வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கீழே உள்ள எண்கள் நினைவுக்கு வந்த வரிசையில் போட்டவை. முக்கியத்துவத்தின் வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. விருந்து நினைப்பை ரயில் நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

உறவுக்காரர்கள் உங்களைக் கோட்டு சூட்டு, கையில் கண்ணாடிக் கோப்பை, பின்னால் கொடி என்று கற்பனை செய்திருப்பார்கள். டேராடூனில் இறங்கிப் போகும் முசோரி, பிறகு டில்லி என்று பயிற்சிகளெல்லாம் முடிந்து, மூன்றாம் செயலராக ஓர் ஊரில் அந்நிய மொழி படித்துத் தேறிய பிறகு, பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது கன்சுலர் கவுன்ட்டர். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர், முதலாளி வாங்கி வைத்துக்கொண்டு தராதவர், நாலு மாதச் சம்பளம் வராதவர், ஊரில் அம்மா சாகக்கிடக்கிறாள் என்று போன் வந்தவர் எல்லாரும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால்தான் நிற்பார்கள். எமர்ஜென்சி சர்டிபிகேட் என்பது ஒருமுறை ஊர் திரும்ப மட்டும் செல்லும் காகிதம். அதை வாங்கும் கையைப் பாருங்கள். என் கையெழுத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் தடுப்புக்கு வெளியே, வரிசையில், டோக்கன் வாங்கிக்கொண்டு நில்லுங்கள். வெயில் எந்த மணிக்கு எந்தப் பக்கம் அடிக்கிறது என்றாவது தெரியும்.

எங்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு. எங்கள் காலத்தில், வழியற்று நின்றவருக்கு டிக்கெட் வாங்க அலுவலகத்தில் உண்டியல் குலுக்கியிருக்கிறோம். 2009-ல் இந்தியச் சமூக நல நிதி வந்தது. கன்சுலர் சேவைக்கு மக்கள் தரும் சிறு கட்டணத்திலிருந்து சேரும் பணம் அது. அதை மிச்சம் பிடித்து நல்ல பெயர் வாங்க நினைக்கும் அதிகாரியை நான் மதிப்பதில்லை.

2. பெயரை மூன்று முறை படியுங்கள். திருத்தாதீர்கள்.

இது என் தப்பு. மறைக்காமல் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் வளைகுடாவில் ஒரு நகரம். ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப எத்தனை காகிதம் வேண்டும் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்: உள்ளூர் இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்று, குடும்பத்தின் சம்மதக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், கடைசியாகத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று. அந்தக் கடைசிக் காகிதம் என் மேஜையில் தயாரானது. பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி நேரே ‘ஏ’வுக்குப் போயிருந்தது. படித்தவன் அல்லவா நான்? யாரோ குமாஸ்தா தப்பாக எழுதியிருக்கிறான் என்று எண்ணி, நடுவில் ஒரு ‘எச்’ சேர்த்து அழகாக எழுதினேன். விமான நிலையச் சரக்குப் பிரிவில் இரண்டு பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் பெட்டியை ஏற்ற மறுத்துவிட்டார். அன்றைக்குப் புதன்கிழமை மாலை. அந்த ஊரில் அப்போது வியாழனும் வெள்ளியும் விடுமுறை. சனிக்கிழமைதான் எல்லா முத்திரையும் மறுபடி விழுந்தது.

மீனம்பாக்கத்தில் அந்தக் குடும்பம் வாடகை வேனோடு காத்திருந்தது. பிறகு அவருடைய அண்ணன் ஒரு கடிதம் எழுதினார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. தம்பிக்கு வரவேண்டிய பாக்கிச் சம்பளம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருந்தார். வாங்கி அனுப்பினேன். வேன் வாடகை எவ்வளவு ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

தமிழ்ப் பெயர்களில் இந்தத் தொல்லை அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவமோ ‘சர்நேம்’ கேட்கும். அப்பா பெயரை அங்கே எழுதினால், வெளிநாட்டில் மகனை அப்பா பெயர் சொல்லி அழைப்பார்கள். எழுதாமல் விட்டால் ஒற்றைப் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் கலக்கம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

3. ஒரு வரி எழுதினாலும், ஐம்பது வருஷம் கழித்து நீதிபதி படிப்பார் என்று எழுதுங்கள்.

ஒரு தீவின் கதை சொல்கிறேன். எந்தத் தீவு என்று உங்கள் மனம் ஓடுவது தெரிகிறது. அது இல்லை.

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவு இருக்கிறது. நீளம் 137 மீட்டர். அதன் மேல் 1851-ல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். 1953-ல் சிங்கப்பூரின் காலனி அரசு, அந்தப் பாறை யாருடையது என்று தெளிவுபடுத்தும்படி, இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜோகூர் தரப்புக்கு எழுதியது. செப்டம்பர் 21 அன்று ஜோகூரின் தற்காலிக மாநிலச் செயலர் பதில் போட்டார். அதன் சாரம் ஒரே வரி: ஜோகூர் அரசு அதற்கு உரிமை கோரவில்லை. கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. 1979-ல் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் தீவு மலேசியாவுக்குள் இருந்தது. சிங்கப்பூர் எதிர்த்தது. பேச்சு நீண்டு, கடைசியில் வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

2008 மே 23-ல் தீர்ப்பு. ஆதியில் அந்தப் பாறை ஜோகூர் சுல்தானகத்துக்குத்தான் சொந்தம் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் 12-க்கு 4 என்ற கணக்கில் அது சிங்கப்பூருக்கே என்றது. சிங்கப்பூர் அங்கே அரசாக நடந்துகொண்ட விதம், மலேசியத் தரப்பின் மௌனம், இவற்றோடு அந்த 1953 கடிதம். கடிதத்தில் இருந்த சொல் சொத்துரிமையைக் குறிப்பது, இறையாண்மையை அல்ல என்று மலேசிய வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். நல்ல வாதம்தான், எடுபடவில்லை. அந்தச் செயலரை நினைத்தால் எனக்கு இரக்கம் வரும். மேஜையில் அன்று பத்துக் கடிதம் இருந்திருக்கும், இதற்கும் ஒரு பதில் போட்டிருப்பார்.

சிங்கப்பூர் சார்பில் ஹேக்கில் வாதாட நின்றவர்களில் இருவரைப் பற்றிப் படியுங்கள். ஒருவர் டாமி கோ, மற்றவர் சிங்கப்பூர்த் தமிழரான எஸ். ஜெயக்குமார். இருவரும் சட்டப் பேராசிரியர்கள். 1971-ல் ஐ.நா. தூதர் பதவியை முடித்துக்கொண்டு கோ சட்டத் துறைத் தலைவராக வந்தார்; ஜெயக்குமார் ஐ.நா.வுக்குப் போனார். 1974-ல் இருவரும் நாற்காலியை மறுபடி மாற்றிக்கொண்டார்கள். சட்டமும் தூதும் ஒரே ஆளிடம் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு ஐ.நா. கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கி முடித்துவைத்தவரும் கோதான்.

4. சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே போக வேண்டியது நீங்கள்.

1963-ன் வியன்னா கன்சுலர் ஒப்பந்தம், 36-ஆம் பிரிவு. மனப்பாடம் செய்யுங்கள். வெளிநாட்டார் ஒருவரைக் கைது செய்தால் அவருக்குள்ள உரிமையைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாகிஸ்தான் கைது செய்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2016 மார்ச் 3-ல் கைது, மார்ச் 25-ல்தான் இந்தியாவுக்குத் தகவல். 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் 15-க்கு 1 என்று பாகிஸ்தான் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொன்னது. இந்தியாவுக்காக வாதாடிய ஹரிஷ் சால்வே வாங்கிய கட்டணம் ஒரு ரூபாய்.

அது பேப்பரில் வரும் வழக்கு. பேப்பரில் வராதவர்கள் உங்கள் ஊர்ச் சிறையில் இருப்பார்கள். மாதம் ஒருமுறை போங்கள். எண்ணெயும் ஊறுகாயும் கொண்டுபோக விதி இடம் கொடுத்தால் கொண்டுபோங்கள். ஒன்றும் செய்ய முடியாத வழக்காக இருந்தாலும், வீட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதி வாருங்கள்.

5. விலக்குரிமை உங்கள் சொத்து அல்ல.

தூதரக உறவுகள் பற்றிய 1961-ன் வியன்னா ஒப்பந்தம் உங்களைக் கைது செய்யக்கூடாது என்கிறது. அந்த உரிமை நாட்டுக்குச் சொந்தம், விட்டுக்கொடுப்பதும் நாடுதான். அதே ஒப்பந்தத்தின் 41-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சட்டத்தை மதித்து நட என்றும் சொல்கிறது. இதைப் பலர் படிப்பதில்லை. பார்க்கிங் அபராதத்தைக் கட்டுங்கள்.

6. பரிசுப் பொருளைப் பற்றி யோசிக்காதீர்கள். அரசின் பரிசுக் கருவூலம் இருக்கிறது: தோஷகானா.

7. முத்தம்மா யார் என்று தெரிந்துகொண்டு போங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குடகில் பிறந்து, சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா 1949-ல் இந்த வேலையில் சேர்ந்த முதல் பெண். திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். விதியும் அப்படியே இருந்தது. பெண் அதிகாரி மணம் செய்ய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மணமான பிறகு குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்பு வந்தது. வழக்கு நடக்கும்போதே உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடி. கடைசி வரியை மட்டும் படிப்பவர், முத்தம்மா தோற்றார் என்பார். மேலே உள்ள பக்கங்களில் நீதிபதி அந்த விதிகளை உரித்துப் போட்டிருக்கிறார். நான் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். எங்கள் வகுப்பில் இருந்த பெண்கள் அந்தத் தீர்ப்பின் நகலை வைத்திருந்தார்கள். எங்களில் எவனும் வைத்திருக்கவில்லை.

8. வீட்டுக்குள் தூதராக இருக்காதீர்கள்.

“பரிசீலனையில் உள்ளது”, “உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்” போன்றவற்றை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிடும். மனைவியிடம் சொன்னேன். அவள் கல்லூரி விரிவுரையாளர். என் முதல் மாற்றலில் சம்பளமில்லா விடுப்பு, இரண்டாவதில் ராஜினாமா. “திரும்பி வந்தா சேர்ந்துக்கலாம்” என்றேன், சேர முடியவில்லை. துணைவர் அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் ஒப்பந்தங்கள் இப்போது சில நாடுகளோடு இருக்கின்றன. விருப்பப் பட்டியல் கொடுக்கும் முன் அவற்றைக் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதுங்கள். வரிசையை மாற்றிச் செய்தவன் நான்.

பிள்ளைகளுக்கு ஏழு பள்ளிக்கூடம். மகளுக்குத் தமிழ் பேச வந்தது, படிக்க வரவில்லை. என் அம்மா நீலக் காகிதத்தில் நுணுக்கி நுணுக்கிக் கடிதம் எழுதுவாள்: மாடு கன்று போட்டது, கோயிலில் கொடி ஏறியது, இன்னார் வீட்டில் தகராறு. பாட்டி எழுதிய வம்பு என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே பெண் எழுத்துக் கூட்டப் பழகினாள். அகர முதலான பாடப்புத்தகம் நான் வாங்கிக் கொடுத்தது, புதிதாகவே இருந்தது.

அப்பா இறந்தபோது நான் ஒரு பேச்சுவார்த்தைக் குழுவோடு வேறு கண்டத்தில் இருந்தேன். தம்பி கொள்ளி வைத்தான். அந்தப் பேச்சுவார்த்தை எதைப் பற்றியது என்று இப்போது யாராவது கேட்டால் கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அது நின்றிருக்காது, நான் இல்லாமலும் நடந்திருக்கும். விடுப்புக் கேட்டிருக்கலாம். கேளுங்கள்.

9. வழக்கறிஞர் சன்னத்தை எறிந்துவிடாதீர்கள்.

சட்டம் படித்துப் பதிவு செய்தவர்கள், வேலையில் சேரும்போது பார் கவுன்சிலுக்கு எழுதி வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை தோறும் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு மர மேஜை எனக்கு. வெளிநாடு போன கணவனிடமிருந்து தகவல் இல்லை, ஏஜென்ட் சொன்ன வேலை வேறு, இறந்தவரின் இழப்பீடு வரவில்லை என்று வருகிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு என்பது வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கவுன்ட்டரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் வீட்டாரை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

ரயிலுக்கு நாள் இருந்தால் ஒரு வியாழக்கிழமை அங்கே வாருங்கள், கூட உட்கார்ந்து இரண்டு மனு எழுதிப் பாருங்கள். வீட்டுக்கு வருவதானாலும் சரி. ஆப்பிள் மட்டும் வேண்டாம். எங்கள் இருவருக்கும் சர்க்கரை.